தூண் வெக்காத இடம்

இல்லகா, அந்தக் கதிரையில இரிக்காதீங்க, கால் ஒண்டு ஆடும். இந்த வாங்கில இரிங்க மகள். ஓம், நீங்க தேடி வந்த கடை இதுதான். பாலத்தடியில தேத்தண்ணிக் கடை எண்டு கேட்டா ஆரும் இஞ்சதான் காட்டுவாங்க, வேற கடை இல்ல. கல்குடாவில இரிந்து ஸ்கூட்டியில தனியவா வந்தீங்க? வீட்டுக்குத் தெரியுமா? சரி, சரி, நான் கேக்கல்ல.

ஜசிந்தன எனக்குத் தெரியும். நீங்க கேள்விப்பட்டதும் மெய்தான். அவன்ட கையால ஒரு உயிர் போனது. இத மறைக்க என்ன இரிக்கு, இந்த ரோட்டால போற பஸ்காரனுகளுக்கும் தெரிஞ்ச கதைதானே. ஆனா அந்த ஒரு சொல்லக் கேட்டுட்டு எழும்பிப் போறதெண்டா நீங்க இவ்வளவு தூரம் வந்திரிக்கத் தேவல்ல. கை நீட்டுறவனா, கட்டினா அடிப்பானா, அதத்தானே தெரியணும் உங்களுக்கு? வெக்கப்படாதீங்க. நானும் ஒருத்தனக் கட்டி அடி வாங்கினவள்தான், இந்தக் காது இப்பவும் கேக்காது. நீங்க இந்தப் பக்கமா இரிந்து கதைங்க. பிளேன்டியா, பால் போடவா?

அவன் வந்த நேரம் இந்தப் பாலம் இல்ல. பழசு ஒண்டு கிடந்தது. அதப் பாலம் எண்டு சொல்லேலா. ஒரு லொறி ஏறினா எதிர்ல வாற சைக்கிளும் கரையில நிண்டுதான் வரணும். மாரியில ஆறு அதுக்கு மேலால போகும். கதிரவெளியில இரிந்து பிள்ளப்பெறுவுக்குக் கொண்டு வாற பொம்புளைகள் அக்கரையில படுத்திரிந்தே பெத்திரிக்காங்க. அப்பதான் பெரிய ரோட்டுக்குப் புதுப் பாலம் போடப் போறாங்க எண்டு கதை வந்தது. சனத்துக்குச் சரியான சந்தோஷம். எனக்கும்தான்.

பாலத்துக்குப் படம் கீறின இஞ்சினியர் ஜசிந்தன். மட்டக்களப்பு டவுன் பொடியன், வேதக்காரன், மொறட்டுவை கெம்பஸில படிச்சவன். அது உங்களுக்குத் தெரிஞ்சிரிக்கும். மத்த இஞ்சினியர்மார் ஜீப்பால இறங்காமலே பாத்துட்டுப் போவானுகள். இவன் ஆத்துக்குள்ள இறங்கி இடுப்பளவு தண்ணியில நிப்பான். ஈரக் களிசானோட வந்துதான் ரொட்டி தின்னுறது. ஒருநாள் நான் கேட்டன், ஏன் தம்பி இவ்வளவு பெரிய ஆத்துக்குத் தூண் கொஞ்சமா வெக்கிறீங்க எண்டு. அவன் ரெண்டு கிளாஸக் கவுத்து வெச்சி, அதுக்கு மேல என்ட தட்டகப்பையப் போட்டுக் காட்டினான். தூண் கூடினா ஆறு கோவிச்சித் தள்ளும், குறஞ்சா மேல இரிக்கிறது வளையும், நடுவில ஒரு கணக்கு இரிக்கு எண்டான். கதைச்சி முடிஞ்சி அந்தக் கிளாஸ அவனே கழுவி வெச்சான். அப்பிடி ஒரு பழக்கம்.

குழி தோண்டுற மிஷின ஓட்டினவன் றிஸ்லான் எண்டு ஓட்டமாவடிப் பொடியன். தூணுக்கு முதல்ல ஒரு பெரிய இரும்புப் பைப்ப ஆத்துக்குள்ள நட்டுவானுகள். ரெண்டு பேர் ஒண்டா உள்ளுக்கு இறங்கலாம், அவ்வளவு அகலம். அதுக்குள்ளால மிஷின விட்டு மண்ணக் குடைஞ்சி எடுத்துட்டு, கம்பிக் கூட்ட இறக்கி, கொங்கிறீட் ஊத்துறது. றிஸ்லானுக்குக் கையாள் வேல செஞ்சவன் ரதீஸ். இந்த ஊரான். ரெண்டு பேருக்கும் நல்ல ஒட்டு. பெருநாளைக்கு றிஸ்லான்ட வீட்டில இரிந்து வாற சாப்பாட்ட ரதீஸ் ஆருக்கும் குடுக்க மாட்டான். அந்தக் கரையில இரிந்து சட்டியோட வழிச்சித் திம்பான்.

மத்தத் தூணெல்லாம் ஒழுங்கா வந்திச்சி. நடு ஆத்துத் தூண் மட்டும் வரமாட்டனெண்டு நிண்டது. தோண்டத் தோண்டப் பக்கத்து மண் உள்ளுக்குச் சரியும். கல்லு வரவேண்டிய ஆழத்தில சேறுதான் வந்தது. பெரிய இஞ்சினியர் கொழும்பால வந்து, பறவாயில்ல, ஊத்துங்க, நாள் போகுது எண்டான். ஜசிந்தன் விடல்ல. படம் பிழை, பிழையாக் கீறினது நான்தான், மாத்திக் கீறித் தாறன், அதுவரைக்கும் ஆரும் கொங்கிறீட் ஊத்தப்படா எண்டான். இந்தா, இந்த வாசல்லதான் சண்டை. பெரியவன் சிங்களத்தில தாய் தகப்பன இழுத்து ஏசி, இவன்ட சேட்டுக் கொலரப் புடிச்சி உலுப்பினது. பொத்தான் தெறிச்சி என்ட அடுப்படியில விழுந்திச்சி. இவன் கையப் பின்னால கட்டிட்டு நிண்டான் மகள். பொத்தானப் பொறுக்கிக் குடுத்தன், வாங்கிப் பொக்கட்டில போட்டுட்டு, ஊத்தேலா சேர் எண்டு மறுகாவும் அதத்தான் சொன்னான். கை நீட்டுறவனெண்டா அண்டைக்கு நீட்டியிரிக்கணும்.

வேல நிண்டது. பைப் நடு ஆத்தில வாயத் தொறந்துகொண்டு நிண்டது. அதுதான் வினை.

ஆர் முதல்ல சொன்னதெண்டு இண்டைக்கும் ஆருக்கும் தெரியா. கொங்கிறீட் நிக்குதில்ல, ஆறு உயிர் கேக்குது, பலி குடுக்கப் பிள்ளையொண்டத் தேடுறானுகளாம் எண்டு கதை. வேல இல்லாம ஊர் முழுக்கச் சும்மா இரிக்கு, சும்மா இரிக்கிற சனத்துக்கு வேற என்ன. பகல்லயும் பிள்ளைகள வெளிய விடாம தாய்மார் கதவச் சாத்தினாங்க. ஜசிந்தன் காதிலயும் விழுந்தது. அவன் சிரிச்சான். அந்த நேரம் சிரிச்சத நினைச்சி மறுகா எவ்வளவு அழுதானெண்டு றிஸ்லான் வந்து சொன்னான்.

ரதீஸுக்கு அக்கா ஒருத்தி, கேதீஸ்வரி. புருஷன் பனிச்சங்கேணி ஆள், கோவிச்சிட்டுத் தாய் வீட்ட போயிட்டான். பிள்ளையொண்டு, சுலக்ஷனா, பாலர் பள்ளிக்குப் போற வயசு. ஒரு செவ்வாக்கிழம பகல் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ள வீட்ட வரல்ல. கேதீஸ்வரி பள்ளிக்கு ஓடினா, ரீச்சர் போயிட்டா. ஆத்தங்கரைக்கு ஓடினா, கடற்கரைக்கு ஓடினா, ஒரு இடமும் இல்ல. நடுரோட்டில விழுந்து தலையில அடிச்சிக் கத்தினா. அந்த நேரம் எவனோ ஒருத்தன், மிஷின்காரன் பிள்ளைக்கு டொபி குடுத்தத நான் கண்டன் எண்டான். குடுத்தது மெய்தான். றிஸ்லானுக்கும் அதே வயசில ஒரு பிள்ள இரிக்கு, அவன் கண்ட பிள்ளைக்கெல்லாம் டொபி குடுப்பான். அந்த ஒரு சொல் போதுமாயிரிந்தது.

எப்பிடித்தான் அவ்வளவு சனம் சேந்ததோ. பொல்லு, அலவாங்கு, தோணித் துடுப்பு. முன்னுக்கு ரதீஸ், கையில காட்டுக்கத்தி. அவனக் குறையாச் சொல்லேலா மகள், அந்தப் பிள்ளையத் தோளில வெச்சி வளத்தவன் அவன். கண் ரெண்டும் வெறிச்சிப்போய் இரிந்தது. கூப்பிட்டாத் திரும்பல்ல. ஓம், நானும் பின்னால ஓடினன். கடையத் தொறந்தபடி போட்டுட்டுத்தான் ஓடினன்.

றிஸ்லான் அந்நேரம் இரும்பு மேடையில மிஷினுக்கு எண்ண போட்டுக்கொண்டு நிண்டான். கரையில இரிந்து பைப் வரைக்கும் கட்டியிரிந்த மேடை அது, இரும்புத் தகட்டால. சனம் ஏற அது கிலுகிலுத்தது. பிள்ள எங்கடா எண்டானுகள். எந்தப் பிள்ள எண்டான் அவன். அந்தக் கேள்வி முடியக்குள்ள துடுப்பால வாயில விழுந்தது. முன்பல்லு ரெண்டு தகட்டில விழுந்து உருண்டத நான் கண்டன். மறுகா ஆர் அடிக்கிறது, எங்க அடிக்கிறதெண்டு இல்ல. விழுந்தவன்ட வயித்தில மிதிச்சானுகள். கையாலதான் தலைய மூடியிரிந்தான், அந்தக் கையில அலவாங்கால குத்தினானுகள். ரதீஸ், ரதீஸ் எண்டு அவன்ட பேரச் சொல்லிக் கத்துறான், நீயாவது சொல்லு மச்சான் எண்டு. ரதீஸ் காலில புடிச்சி இழுத்தான். தகட்டில நட்டு போல்ட்டெல்லாம் நீட்டிக்கொண்டு நிக்குமே, அதில முதுகு கிழிய இழுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனானுகள். பிள்ளையப் போட்ட குழிக்குள்ள இவனயும் போடுங்கடா எண்டு சத்தம். அந்தச் சத்தத்தில பொம்புளைகள்ட குரலும் இரிந்தது. எனக்குத் தெரிஞ்ச குரல்கள்.

ஜசிந்தன் கரையில கந்தோரா வெச்சிரிந்த கொண்டேனர்ப் பெட்டிக்குள்ள மாத்தின படத்தக் கீறிக்கொண்டிரிந்தவன். சத்தம் கேட்டு ஓடி வந்தான். கையில ஒண்டும் இல்ல, செருப்புக்கூட இல்ல. சனத்துக்குள்ளால புகுந்து போய் றிஸ்லான்ட மேல குப்புற விழுந்து படுத்துட்டான். அடிக்கிறதெண்டா எனக்கு அடிங்க, படம் கீறினது நான், வேலய நிப்பாட்டினது நான், இவனுக்கு ஒண்டும் தெரியா எண்டு கத்துறான். அடிச்சானுகள். அவன்ட இடக்கை முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது. காஞ்ச மட்டை முறியிற மாதிரி இல்ல, அது வேற மாதிரிச் சத்தம். நாலஞ்சு பேர் அவன இழுத்து அங்கால எறிஞ்சிட்டு, றிஸ்லானத் தூக்கிப் பைப்புக்குள்ள போட்டானுகள்.

அவன் முழுக்க விழல்ல. விளிம்பில ரெண்டு கையாலயும் தொங்கினான். கீழ சேத்துத் தண்ணி, எவ்வளவு ஆழமெண்டு தோண்டின அவனுக்குத்தான் தெரியும். அல்லாவையும் கூப்பிட்டான், உம்மாவையும் கூப்பிட்டான். ரதீஸ் கத்தியோட குனிஞ்சான். பிள்ள எங்க, சொல்லு, சொல்லாட்டிக் கைய வெட்டுவன் எண்டான். தெரியா மச்சான் எண்டான். வெட்டினான். ரெண்டு விரல் போச்சி. இரும்பில கத்தி பட்டுப் பொறி பறந்திச்சி. மத்தக் கையால மட்டும் தொங்குறான். ரதீஸ் அந்தக் கைக்கும் கத்திய ஓங்கினான்.

அங்க கம்பிக் கூட்டுக்கு வெட்டின துண்டுக் கம்பிகள் கிடந்தது. ஜசிந்தன் முறிஞ்ச கையத் தொங்கவிட்டபடி ஒண்ட எடுத்து, ரதீஸ்ட பின்தலையில அடிச்சான். ஒரு அடி. ரெண்டாவது அடிக்குத் தேவ வரல்ல.

கொஞ்சம் இரிங்க. அடுப்பக் குறைச்சிட்டு வாறன்.

ம். என்ன சொன்னன். சனம் அப்பிடியே நிண்டிட்டு. ஒருத்தரும் கிட்ட வரல்ல. ஜசிந்தன் கம்பியப் போட்டுட்டு முதல்ல செஞ்சது என்ன தெரியுமா, பைப்படிக்குப் போய்க் குப்புறப் படுத்து, இரிந்த ஒரு கையால றிஸ்லான்ட மணிக்கட்டப் புடிச்சது. தூக்கேலாம அழுறான். ஆராவது வாங்க, ஆராவது வாங்க எண்டு கெஞ்சுறான். அடிச்ச சனத்தில இரிந்தே ரெண்டு பேர் வந்து தூக்கினானுகள். தூக்கி வெளிய போட்டதும் ஜசிந்தன் ரதீஸிட்ட வந்தான். சேட்டக் கழட்டித் தலையச் சுத்தினான். மடியில தூக்கி வெச்சிக்கொண்டு, தம்பி, கண்ணத் தொறங்க தம்பி எண்டு கதைக்கிறான். நான் கிட்ட நிண்டன். என்னப் பாத்தான். அந்தப் பார்வையப் பத்தி இப்ப வேணாம்.

அப்பதான், சனத்தோட மேடையில நிண்ட கேதீஸ்வரிக்குப் போன் வந்தது. புருஷன். பள்ளியால பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்டன், இஞ்ச அம்மாவோட இரிக்கா, சோறு தின்னுறா, ரெண்டு நாளால கொண்டு வந்து விடுறன், கத்தாத எண்டு சொல்லியிரிக்கான். லவுட்ல போட்டிரிந்தா. எல்லாரும் கேட்டது. பிள்ள பின்னால இரிந்து அப்பம்மாவிட்ட அப்பளம் கேக்குற சத்தமும் கேட்டது. சனம் ஒவ்வொண்டா மேடையில இரிந்து இறங்கிச்சி. துடுப்பக் கொண்டு வந்தவன் துடுப்ப மறக்காம எடுத்துட்டுப் போனான்.

சைற் வாகனத்தில ரெண்டு பேரையும் ஒண்டாத்தான் ஏத்தினது. பெட்டியில றிஸ்லான் ஒரு பக்கம், ரதீஸ் ஒரு பக்கம், நடுவில ஜசிந்தன். ரெண்டு பேர்ட ரத்தமும் ஒண்டா ஓடி என்ட காலடியில நிண்டது. ஓம், நானும் ஏறினன். ஆராவது ஒருத்தர் ஏறத்தானே வேணும். வாகரை தாண்டிப் பனிச்சங்கேணிக்குள்ள போகக்குள்ள ரதீஸ்ட கால் ரெண்டு தரம் உதறிட்டு நிண்டிச்சி. பிள்ள சோறு திண்டுகொண்டிரிந்த வீட்டக் கடந்துதான் வாகனம் போனது. ஜசிந்தன் அவன்ட நெஞ்சில காத வெச்சிப் பாத்தான். மறுகா தலைய நிமித்தல்ல, வாழைச்சேன ஆஸ்பத்திரி வரைக்கும் அப்பிடியே கிடந்தான். ஆஸ்பத்திரியில முறிஞ்ச கைக்குப் பத்துப் போட்டு முடிய, அவனாப் போய்ப் பொலிஸில சொன்னான்.

கோட்டில கேஸ் நடந்த கதை உங்கட வீட்டில சொல்லியிரிப்பாங்க. சொல்லாததச் சொல்றன். ஊர் முழுக்க ஒரே வாயா நிண்டது. சும்மா பாத்துக்கொண்டு நிண்ட ரதீஸுக்கு இஞ்சினியர் பின்னால வந்து அடிச்சவன் எண்டு சொன்னாங்க. அப்ப றிஸ்லான்ட விரல்? அது மிஷினில போனதாம். பல்லு? ஓடக்குள்ள விழுந்தானாம். றிஸ்லான் சொன்னத, கூட்டாளிக்காகச் சொல்றான் எண்டு தள்ளிட்டாங்க. ஜசிந்தனுக்கு வக்கீல் புடிச்சவங்க கேட்டதுக்கு அவன் ஒண்டத்தான் சொன்னானாம், அடிச்சது நான், ஏன் அடிச்சன் எண்டு ஊருக்குத் தெரியும், ஊர் சொல்லட்டும் எண்டு. ஊர் சொல்லல்ல. வழக்கு அவனுக்கு எதிராத்தான் போனது.

கடைசியில ஒரு பொம்புள கூண்டில ஏறிச் சொன்னா. கத்தி ஆர்ட கையில இரிந்தது, விரல் எப்பிடிப் போனது, மத்தக் கைக்கும் ஓங்கினது ஆர், எல்லாம் சொன்னா. அந்த ஒரு சாட்சியிலதான் அவன விட்டாங்க.

பாலமா? முடிஞ்சிதானே நிக்குது, நீங்க பாத்தீங்கதானே. பிணையில இரிந்த காலத்தில அவனுக்கு இஞ்சால வரப்படா. வீட்டில இரிந்து மாத்திக் கீறி அனுப்பியிரிக்கான், றிஸ்லான் சொன்னான். நடுத் தூண அக்கரைப் பக்கமாத் தள்ளி வெச்சி, அதுக்கும் இஞ்சால இரிக்கிற தூணுக்கும் இடையில மட்டும் நீட்டுப் பாலம். பைப்பப் புடுங்கிட்டாங்க. அந்த இடத்தில இப்ப ஒண்டும் இல்ல, தண்ணிதான் ஓடுது. திறப்பு விழாவுக்கு மாலையோட எல்லாரும் வந்தாங்க. அவன் வரல்ல.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். கட்டினா அடிப்பானா எண்டா, எனக்குத் தெரிஞ்ச மட்டுக்கும் அடிக்க மாட்டான். ராவில எழும்பி இரிப்பானாயிரிக்கும். கதைக்காம இரிப்பானாயிரிக்கும். அத நீங்கதான் பொறுக்கணும். ஆனா கை நீட்ட மாட்டான். அந்தக் கை என்ன செய்யுமெண்டு அவனுக்குத் தெரியும்.

என்னகா, ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? ஆர் சொன்னது இஞ்ச வந்து கேக்கச் சொல்லி?

அவனா? பாலத்தடிக் கடையில போய்க் கேளுங்க, அங்க வேணாமெண்டு சொன்னா நான் உங்களக் கட்டமாட்டன் எண்டானா. ம். நான் ஆரெண்டு சொல்லல்லையா? அதயும் என்ட வாயாலதான் சொல்லணுமாக்கும்.

ரதீஸ் என்ட மகன், புள்ள. கேதீஸ்வரிக்கு இளையவன். கூண்டில ஏறிச் சொன்னதும் நான்தான். முதல்லயே சொன்னா நீங்க அழுதுட்டு எழும்பிப் போயிரிப்பீங்க, ஒண்டும் கேட்டிரிக்க மாட்டீங்க. கண்டதக் கேட்டாங்க, கண்டதச் சொன்னன், அவ்வளவுதான். மறுகா கடைக்குக் கல்லெறிஞ்சானுகள், அது நிண்டிட்டு. கேதீஸ்வரி இன்னும் கதைக்கிறல்ல. பிள்ளையயும் இஞ்சால விடுறல்ல. அவளுக்கு அது ஞாயம்.

இல்ல, கையெல்லாம் புடிக்காதீங்க. மாவா இரிக்கு.

கட்டுங்க மகள். நல்ல பொடியன். வேணாமெண்டு சொல்ல எனக்கு ஒண்டும் இல்லயெண்டு போய்ச் சொல்லுங்க. கட்டினாப் பிறகு திருகோணமலைப் பக்கம் போறதெண்டா உங்களுக்கு இந்தப் பாலத்த விட்டா வேற வழியில்ல. போங்க, வாங்க, அது எல்லாருக்கும் போட்ட பாலம். கடையில மட்டும் அவன இறக்க வேணாம். என்னால ஏலா. நீங்க தனிய வந்தா, வாங்க.